கல்லூரி ஃபுட்பால் அணிகள் ஏன் கான்ஃபரன்ஸ் மாறுகின்றன? வாஷிங்டன் ஸ்டேட் ரசிகரின் கேள்வி பதில்

நான் படித்தது வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், கோதுமை விளையும் மேடுகளுக்கு நடுவே இருக்கிற புல்மன் என்ற சிறிய ஊர் அது. போன முதல் ஆண்டே சனிக்கிழமை ஃபுட்பால் என்னைப் பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. 2023 ஆகஸ்டில் எங்கள் கான்ஃபரன்ஸான பேக்-12 உடைந்த நாளிலிருந்து நண்பர்களும் சொந்தக்காரர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இது ஒரு பக்கத்து ரசிகரின் பார்வை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன?

இங்கே ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எறிந்து, மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம், நம் கால்பந்து இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேல்மட்டத்தில் ஆடும் அணிகள் 130க்கும் மேல் இருக்கின்றன. ஒரு சீசனில் ஓர் அணிக்கு வழக்கமாக 12 ஆட்டங்கள்தான், அதனால் எல்லோரும் எல்லோரோடும் ஆட வழியே இல்லை. ஆகவே அணிகள் குழுக்களாகச் சேர்ந்து, தங்களுக்குள் எட்டு ஒன்பது ஆட்டங்கள் ஆடி, தங்களுக்குள் ஒரு சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் குழுதான் கான்ஃபரன்ஸ். அட்டவணை போடுவதும், டிவி ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக விற்பதும், வந்த பணத்தைப் பங்கு பிரிப்பதும் அதன் வேலை. கடைசியில் சொன்ன வேலைதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

ஆரம்பத்தில் யார் யாரோடு சேர்வது என்று எப்படி முடிவானது?

பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள், அவ்வளவுதான். ரயிலில் போய்வந்த காலம் அது. 1915 டிசம்பரில் போர்ட்லண்ட் நகரில் நான்கு கல்லூரிகள் கூடிப் பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸைத் தொடங்கின: கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், அப்புறம் அப்போது ஆரிகன் வேளாண் கல்லூரி என்று பெயர் கொண்டிருந்த இன்றைய ஆரிகன் ஸ்டேட். நாங்கள் 1917இல் சேர்ந்தோம். ஸ்டான்ஃபோர்டு 1918, யு.எஸ்.சி. 1922, யு.சி.எல்.ஏ. 1928. இடையில் 1959இல் ஒருமுறை கலைந்து வேறு பெயரில் கூடினார்கள், 1968இல் பேக்-8 ஆனது, 1978இல் அரிசோனாவும் அரிசோனா ஸ்டேட்டும் வந்து பேக்-10 ஆனது.

அந்தப் பேக்-10 பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இழந்தது என்ன என்பது அதைப் பார்த்தால்தான் புரியும். பத்து அணிகளும் ஐந்து ஜோடிகள். வாஷிங்டனும் நாங்களும், ஆரிகனும் ஆரிகன் ஸ்டேட்டும், கலிஃபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும், லாஸ் ஏஞ்சலஸில் ஒரே நகரத்துக்குள் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும், அரிசோனாவில் இரண்டு. ஒவ்வொரு ஜோடியும் பங்காளிகள் மாதிரி. வருடம் முழுவதும் ஒரே அலுவலகத்தில், ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே மேஜையில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, நவம்பர் கடைசியில் ஒரு நாள் மட்டும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்கள். 2006 முதல் 2010 வரை பத்து அணிகளும் ஒன்பது ஆட்டம் ஆடி, ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் சந்தித்தார்கள். யார் சாம்பியன் என்பதில் சந்தேகமே வராது. அதைவிட நேர்மையான ஏற்பாட்டைக் கல்லூரி ஃபுட்பாலில் நான் பார்த்ததில்லை.

அப்புறம் எதற்காக மாறுகிறார்கள்? பணம்தானா?

ஆமாம், பணம்தான். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் கதை விளங்கும்.

1984 வரை எந்த ஆட்டம் டிவியில் வரலாம், ஓர் அணி எத்தனை முறை வரலாம் என்பதையெல்லாம் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்புதான் தீர்மானித்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அந்தப் பிடி சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து உரிமையை யார் வேண்டுமானாலும் விற்கலாம், தனியாகவோ கூட்டாகவோ. நோட்ரடாம் பல்கலைக்கழகம் 1991 முதல் என்.பி.சி. டிவியோடு தனியாகவே ஒப்பந்தம் வைத்திருக்கிறது. மற்றவர்கள் கான்ஃபரன்ஸாகச் சேர்ந்து விற்றார்கள். கூட்டாக விற்கும்போது யார் கூட இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். பெரிய நகரமும் பெரிய பெயரும் உள்ள அணியை இழுத்துவந்தால் எல்லோருடைய பங்கும் பெருகும். நாற்பது ஆண்டுகளாக நடப்பதெல்லாம் இந்த ஒரே கணக்குதான்.

எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு ஓர் உதாரணம்: 2022 ஆகஸ்டில் பிக் டென் கான்ஃபரன்ஸ் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்று டிவி நிறுவனங்களோடு ஏழு ஆண்டுக்குப் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல்.

பேக்-12 எப்படி உடைந்தது? ஒரே நாளில் நடந்ததா?

ஒரே நாளில் நடந்தது போலத்தான் தெரிந்தது, ஆனால் பத்து வருடப் பழைய கதை.

2011இல் கொலராடோவும் யூட்டாவும் வந்து பேக்-12 ஆனபோது, விளையாட்டுச் சேனலான இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் இரண்டோடும் சேர்த்து 12 ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அந்த நேரத்தில் அது மிகப் பெரிய ஒப்பந்தம். 2012இல் சொந்தமாக ஒரு டிவி நெட்வொர்க்கையும் தொடங்கினார்கள். பிக் டென்னும், தென்கிழக்கு மாநிலங்களின் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.யும் தங்கள் சேனலை நடத்தப் பெரிய டிவி நிறுவனங்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் கமிஷனர் லேரி ஸ்காட், முழு உரிமையும் நம்மிடமே இருக்கட்டும் என்று நினைத்தார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பேரம் பேசப் பலம் இல்லாததால் டைரக்டிவி என்ற பெரிய செயற்கைக்கோள் நிறுவனத்தோடு கடைசிவரை உடன்பாடே ஏற்படவில்லை, நாட்டின் பல வீடுகளில் எங்கள் ஆட்டங்கள் தெரியவே இல்லை. அந்த ஆண்டுகளில் எங்கள் அணியின் ஆட்டம் எந்த சேனலில் வருகிறது, அது நம் கேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பதே ஒவ்வொரு வாரமும் ஒரு வேலையாக இருந்தது.

2021 ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12 கான்ஃபரன்ஸை விட்டு எஸ்.இ.சி.க்குப் போகிறோம் என்றன. மிஞ்சிய பிக் 12 அணிகள் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது, பேக்-12 நினைத்திருந்தால் சிலரைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். வேண்டாம் என்று முடிவெடுத்து, பதிலாகப் பிக் டென், ஏ.சி.சி. என்ற இரண்டு கான்ஃபரன்ஸ்களோடும் ‘அலையன்ஸ்’ என்று ஒரு நட்புறவை அறிவித்தார்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை, நம்பிக்கைதான் அடிப்படை என்றார்கள். பத்தே மாதத்தில், 2022 ஜூன் 30 அன்று, அதே பிக் டென் யு.எஸ்.சி.யையும் யு.சி.எல்.ஏ.யையும் எடுத்துக்கொண்டது.

லாஸ் ஏஞ்சலஸ் போனால் டிவிக்காரர்களுக்கு மேற்குக் கடற்கரையில் பாதி போன மாதிரி. அந்த நிலையில் புதிய ஒப்பந்தம் தேடினோம். அதற்குள் பிக் 12 முந்திக்கொண்டது. 2022 அக்டோபர் முடிவிலேயே இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸோடு தங்கள் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள், சந்தையில் இருந்த பணத்தில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. நாங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில் கைக்கு வந்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் ஒப்பந்தம் ஒன்று. சந்தாதாரர் எத்தனை பேர் சேர்கிறார்களோ அதைப் பொறுத்துப் பணம் கூடும் என்ற ஏற்பாடு.

2023 ஜூலை 27 அன்று கொலராடோ பிக் 12க்குப் போனது. ஆகஸ்ட் 4 வெள்ளிக்கிழமை. அன்று காலை மிச்சம் இருந்த ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், கான்ஃபரன்ஸ் பிழைத்துவிடும் என்று நம்பிக்கொண்டுதான் நான் எழுந்தேன். அன்றைக்குள்ளேயே வாஷிங்டனும் ஆரிகனும் பிக் டென்னுக்குப் போய்விட்டன, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்குப் போய்விட்டன. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏ.சி.சி.க்குப் போயின. 108 வயதான கான்ஃபரன்ஸில் நாங்களும் ஆரிகன் ஸ்டேட்டுமாக இரண்டே பேர் மிஞ்சினோம்.

ஏன் உங்கள் இரண்டு அணிகளை மட்டும் யாரும் கூப்பிடவில்லை? மோசமான அணிகளா?

இந்தக் கேள்விதான் வலிக்கிறது. மோசமான அணிகள் இல்லை. நாங்கள் ரோஸ் பவுல் என்ற பெருமைமிக்க ஆட்டத்தில் ஆடியிருக்கிறோம், ஆரிகன் ஸ்டேட் 2022 சீசனில் 10 ஆட்டம் வென்றது. உடையும் நேரத்தில் அவர்கள் 16 கோடி டாலருக்கு மேல் செலவழித்துத் தங்கள் ஸ்டேடியத்தைப் புதுப்பித்து முடித்திருந்தார்கள். ஸ்டேடியம் திறந்த நேரம், ஆட வேண்டிய கான்ஃபரன்ஸ் போய்விட்டது.

காரணம் ஊர். புல்மன் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 33,000, அதிலும் பெரும்பகுதி மாணவர்கள். ஆரிகன் ஸ்டேட் இருக்கும் கோர்வாலிஸும் சிறிய ஊர்தான். டிவி நிறுவனங்கள் வரைபடத்தைப் பார்த்து நகரங்களை எண்ணுகின்றன. சியாட்டிலையும் போர்ட்லண்டையும் வாஷிங்டன், ஆரிகன் மூலமாகவே பிடித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு, அதற்குப் பிறகு எங்களுக்கு எதற்குத் தனிப் பங்கு என்று யோசிக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று உண்டு. இ.எஸ்.பி.என். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஏதாவது ஒரு கல்லூரி ஊரிலிருந்து ‘காலேஜ் கேம்டே’ என்ற நேரடி நிகழ்ச்சி நடத்தும். அந்தக் கூட்டத்தின் பின்னணியில் வாஷிங்டன் ஸ்டேட் கொடி ஒன்று உயரத்தில் ஆடிக்கொண்டிருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். 2003 அக்டோபரில் டெக்சஸின் ஆஸ்டினில் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் ஆரம்பித்தது. அன்றிலிருந்து, நாங்கள் ஆடாத ஊர்களிலும், நாட்டின் எந்த மூலையாக இருந்தாலும், யாராவது ஒரு ரசிகர் அந்தக் கொடியைப் பார்சலில் வாங்கி, விடியுமுன் போய் நின்று அசைத்துவிட்டு, அடுத்த ஊர் ரசிகருக்கு அனுப்பி வைக்கிறார். எனக்கும் ஒருமுறை அந்தக் கம்பத்தை அரைமணி நேரம் பிடிக்க வாய்ப்புக் கிடைத்தது, மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை, அவ்வளவு கனம். இப்படிப்பட்ட ரசிகர்களை வைத்திருக்கும் அணிக்குச் சந்தை இல்லை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போன அணிகள் மேல் கோபமா?

யு.எஸ்.சி. மேல் அவ்வளவாக இல்லை. அவர்கள் எப்போதும் தங்களைத் தேசிய அணியாகத்தான் நினைத்தார்கள். யு.சி.எல்.ஏ. விஷயம் சிக்கலானது. அதுவும் பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியாவும் ஒரே அரசுப் பல்கலைக்கழக அமைப்பின் கிளைகள், ஒரு தம்பி தன் வழியைப் பார்த்துக்கொண்டு போனதில் இன்னொருவர் நடுத்தெருவில் நின்றார். அதற்காக அந்த அமைப்பின் நிர்வாகக் குழு யு.சி.எல்.ஏ.வை ஆண்டுக்கு 1 கோடி டாலர் பெர்க்லிக்குக் கொடுக்க வைத்தது. சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

வாஷிங்டன் மேல் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. இரண்டும் ஒரே மாநில மக்களின் வரிப்பணத்தில் வளர்ந்த பல்கலைக்கழகங்கள். தவிர, முழுப் பங்குக்காகக்கூட அவர்கள் போகவில்லை, பிக் டென்னில் மற்றவர்கள் வாங்குவதில் ஏறக்குறைய பாதிக்குத்தான் வாஷிங்டனும் ஆரிகனும் ஒப்புக்கொண்டு போயின. ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: கதவு மூடும் நேரத்தில் உள்ளே ஓடாவிட்டால் அவர்களும் எங்களைப் போலவே வெளியே நின்றிருப்பார்கள். அந்த இடத்தில் எங்களைக் கூப்பிட்டிருந்தால் நாங்கள் போகாமல் இருந்திருப்போமா? போயிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். அதனால் என் கோபத்தில் பெரும்பகுதி அந்த நிலைமையை உருவாக்கியவர்கள் மேல்தான்.

ஆப்பிள் கப் என்ன ஆயிற்று?

ஆப்பிள் கப் என்பது வாஷிங்டனும் நாங்களும் ஆடும் ஆட்டம். முதல் ஆட்டம் 1900இல், ஆப்பிள் கப் என்ற பெயர் 1962இலிருந்து. எங்கள் மாநிலத்தின் ஆப்பிள் தோட்டங்களை வைத்து வந்த பெயர்.

பழைய ஏற்பாட்டில் கடைசியாக 2023 நவம்பர் 25 அன்று சியாட்டிலில் ஆடினார்கள். வாஷிங்டன் அதுவரை ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வந்திருந்தது. நாங்கள் கடைசி நிமிடம் வரை 21க்கு 21 என்று பிடித்து நிறுத்தினோம். நேரம் முடியும் கணத்தில் அவர்கள் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, 24-21. அவர்கள் அப்படியே தேசிய இறுதி ஆட்டம் வரை போய் மிஷிகனிடம் தோற்றார்கள். நான் அன்று ஸ்டேடியத்தின் மேல்தட்டில் இருந்தேன். ஆட்டம் முடிந்த பிறகும் எங்கள் பக்கத்து ஆட்கள் ரொம்ப நேரம் இருக்கையை விட்டு எழவில்லை.

ஆட்டம் நிற்கவில்லை, அது பெரிய ஆறுதல். 2028 வரை தொடர்வதாக ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் நவம்பர் கடைசியில், சீசன் முழுவதையும் தீர்மானிக்கும் ஆட்டமாக, பனியிலும் மழையிலும் நடந்தது இப்போது செப்டம்பரில், வெயிலில், சீசன் சூடுபிடிக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. 2024இல் நாங்கள் 24-19 என்று வென்றோம், அடுத்த ஆண்டு புல்மனில் 59-24 என்று தோற்றோம். வென்ற நாளில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் இந்த ஆட்டம் கான்ஃபரன்ஸ் பட்டியலில் எதையும் மாற்றாது என்ற எண்ணம் நடுவில் வந்து போனது. முன்பெல்லாம் அவர்களுடைய சாம்பியன் கனவைக் கெடுப்பதே எங்களுக்குப் பாதி சந்தோஷம்.

வேறு எந்தப் பழைய ஆட்டங்கள் இப்படிப் போயின?

நிறைய. ஓக்லஹோமாவும் நெப்ராஸ்காவும் 1928 முதல் 1997 வரை ஆண்டு தவறாமல் ஆடினார்கள். 1971இல் இருவரும் ஆடி நெப்ராஸ்கா 35-31 என்று வென்ற ஆட்டத்தை இன்றும் பெரியவர்கள் நூற்றாண்டின் ஆட்டம் என்பார்கள். பிக் 12 உருவானபோது இரண்டு அணிகளையும் வெவ்வேறு பிரிவில் போட்டதால் ஆண்டுதோறும் சந்திப்பது நின்றது, அப்புறம் நெப்ராஸ்கா 2011இல் பிக் டென்னுக்கே போய்விட்டது.

ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 1910 முதல் இடைவெளியே இல்லாமல் ஆடிய ‘பெட்லம்’ 2023 நவம்பரோடு நின்றது. கடைசி ஆட்டத்தை ஸ்டேட் 27-24 என்று வென்றது, அவர்களாவது வெற்றியோடு முடித்தார்கள். கேன்சஸும் மிசோரியும் 2011க்குப் பிறகு 2025 வரை ஃபுட்பால் ஆடவே இல்லை. பிட்ஸ்பர்கும் வெஸ்ட் வர்ஜீனியாவும் 75 மைல் தூரத்தில் இருந்துகொண்டு பத்து வருடத்துக்கு மேல் ஆடவில்லை. 2022இல் மறுபடி ஆடியபோது பிட்ஸ்பர்க் ஸ்டேடியத்தில் 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

திரும்பி வந்ததும் உண்டு. டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 1894இல் தொடங்கியவர்கள். டெக்சஸுக்கு மட்டும் இ.எஸ்.பி.என். 20 ஆண்டுக்கு 30 கோடி டாலரில் தனிச் சேனல் கொடுத்த மனக்கசப்பும் சேர்ந்து, ஏ அண்ட் எம் 2012இல் எஸ்.இ.சி.க்குப் போனது, ஆட்டம் நின்றது. பன்னிரண்டு வருடம் கழித்து டெக்சஸும் அதே எஸ்.இ.சி.க்கு வந்து சேர்ந்ததால் 2024 நவம்பர் 30 அன்று மறுபடி மோதினார்கள், டெக்சஸ் 17-7 என்று வென்றது. பிரித்ததும் கான்ஃபரன்ஸ் மாற்றம்தான், சேர்த்ததும் அதுதான்.

பிக் டென்னில் பத்து அணிகள் இல்லையா?

இல்லை, இப்போது 18. பிக் 12இல் 16. 2011 முதல் 2013 வரை பிக் டென்னில் 12 பேரும் பிக் 12இல் 10 பேரும் இருந்தார்கள். அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்பதுதான் ஏ.சி.சி., அதில் பசிபிக் ஓரத்துக் கலிஃபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும் இருக்கின்றன. பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆடும் மாணவர்களுக்கு என்ன பாதிப்பு?

ஃபுட்பால் வாரம் ஒரு ஆட்டம், தனி விமானம், ஐந்தாறு பயணம். அவர்கள் சமாளித்துவிடுவார்கள். சியாட்டிலிலிருந்து நியூ ஜெர்சிக்கு 2,400 மைல் பறந்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரட்கர்ஸிடம் வாஷிங்டன் தோற்றதைப் பார்த்தோம், சரி, அது ஓர் இரவு.

நான் கவலைப்படுவது மற்ற விளையாட்டுகளைப் பற்றி. வாலிபால், சாஃப்ட்பால், கால்பந்து அணிகள் வாரத்தில் இரண்டு மூன்று முறை ஆடுபவை. பேக்-12 எல்லா விளையாட்டிலும் சேர்த்து 500க்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்கள் வென்ற கான்ஃபரன்ஸ், அவை ஃபுட்பால் அல்லாத விளையாட்டுகளில் வந்தவை. அந்தப் பெண்களும் பையன்களும் இப்போது மூன்று மணி நேர வித்தியாசத்தைக் கடந்து போய் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை காலை வகுப்பில் உட்கார வேண்டும். ஃபுட்பாலின் டிவி பணத்துக்காக எடுத்த முடிவின் பாரத்தை டிவியில் வராத விளையாட்டுக்காரர்கள் சுமப்பது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

ஒருமுறை சேர்ந்தால் வெளியேற முடியாதபடி ஒப்பந்தம் கிடையாதா?

உண்டு. உறுப்பினர்கள் தங்கள் சொந்த ஸ்டேடிய ஆட்டங்களின் டிவி உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டுவரை கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வெளியே போனாலும் உரிமை இங்கேயே இருக்கும், வேறொருவர் உங்களை வாங்கிப் பயனில்லை. பேக்-12இல் அந்த ஏற்பாடு 2024இல் முடிந்தது, புதிதாகக் கையெழுத்து ஆகவில்லை, அதனால்தான் எல்லோரும் சுலபமாகப் போனார்கள். ஏ.சி.சி.யில் அது 2036 வரை இருக்கிறது. அதை உடைக்க ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளம்சன் 2024 மார்ச்சிலும் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் சமரசம்: அதிகம் பேர் பார்க்கும் அணிக்கு அதிகப் பங்கு, வெளியேறும் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து 2030 வாக்கில் 7.5 கோடி டாலராகும். அந்த ஆண்டுகளில் அடுத்த பெரிய நகர்வு வரும் என்று நினைக்கிறேன், பிக் டென் ஒப்பந்தமும் ஏறக்குறைய அப்போதுதான் முடிகிறது.

மாறியதால் யாருக்காவது நல்லது நடந்ததா?

நடந்தது, மறுக்க மாட்டேன். எஸ்.எம்.யு. என்ற டாலஸ் அணி 1987இல் விதிமீறலுக்காக அந்த சீசனையே இழந்து, பிறகு பல பத்தாண்டுகள் பெரிய கான்ஃபரன்ஸ் பக்கமே வர முடியாமல் இருந்தது. ஒன்பது ஆண்டு டிவி பங்கே வேண்டாம் என்று சொல்லி ஏ.சி.சி.யில் சேர்ந்தார்கள், முதல் ஆண்டிலேயே 12 அணிகள் ஆடும் தேசிய ப்ளேஆஃபுக்குள் நுழைந்தார்கள். அரிசோனா ஸ்டேட் பிக் 12இல் கடைசி இடம் பிடிக்கும் என்று கணித்தார்கள், அந்த அணி முதல் சீசனிலேயே சாம்பியன் ஆனது. ஆரிகன் தன் முதல் ஆண்டிலேயே தோற்காமல் பிக் டென் பட்டம் வென்றது. அவர்களுடைய ரசிகர்கள் சந்தோஷப்பட எல்லா உரிமையும் உண்டு.

மிஞ்சிய இரண்டு பேரும் என்ன செய்தீர்கள்?

முதலில் நீதிமன்றம் போனோம். போகிறவர்கள் கான்ஃபரன்ஸின் கஜானாவைப் பங்குபோட ஓட்டுப் போடலாமா என்பது கேள்வி. புல்மன் இருக்கும் விட்மன் கவுண்டியின் நீதிமன்றம் 2023 நவம்பரில் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை, பிறகு சமரசம் ஆனது.

ஒரு கான்ஃபரன்ஸில் எட்டுப் பேருக்குக் குறைந்தால், மறுபடி எட்டுப் பேரைச் சேர்க்க இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. அந்த இரண்டு சீசனையும் இரண்டே பேராக ஓட்டினோம், 2025இல் ஒரே சீசனில் ஒருவரையொருவர் இரண்டு முறை ஆடினோம். அதற்குள் இழப்பு அதிகம். ஆரிகன் ஸ்டேட்டின் கோச் ஜொனதன் ஸ்மித் அங்கேயே படித்து அங்கேயே குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக, ஆடியவர். 2023 சீசன் முடிந்த மறுநாளே பிக் டென்னுக்குப் போனார். எங்கள் குவார்ட்டர்பேக் கேம் வார்டு மயாமிக்குப் போய், தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லின் 2025 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அடுத்து வந்த ஜான் மடீர் எங்களை எட்டு வெற்றி, ஒரு தோல்வி என்ற நிலை வரை கொண்டுபோனார், அவரும் சீசன் முடிந்ததும் ஓக்லஹோமா போனார், கோச்சும் போனார். ஆட்களை நாம் வளர்ப்பதும் அவர்கள் அறுவடை செய்வதுமாக ஆகிவிட்டது. அந்தப் பையன்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, நன்றாக இருக்கட்டும்.

2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஐந்தும் வர ஒப்புக்கொண்டன. ஃபுட்பால் அணி இல்லாத, கூடைப்பந்தில் பேர்பெற்ற கொன்சாகாவும் வர ஒப்புக்கொண்டது. 2025இல் டெக்சஸ் ஸ்டேட்டும் ஒப்புக்கொண்டது. எல்லோரும் சேரும் நாள் 2026 ஜூலை 1. இதில் எனக்கு ஒரு நெருடலும் இருக்கிறது. அவர்களில் ஐந்து பேரை நாங்கள் மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்து இழுத்திருக்கிறோம். எங்களுக்கு நடந்ததை நாங்கள் இன்னொருவருக்குச் செய்தோம். வேறு வழி இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன், பிழைத்திருக்க வேறு வழி தெரியவில்லை, ஆனாலும் அங்கே மிஞ்சிய அணிகளின் ரசிகர்கள் அன்று எப்படி இருந்திருப்பார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இதைச் சரிசெய்ய முடியுமா?

முழுதாக முடியாது, பணம் பின்னால் போகாது. ஆனால் ஒன்று செய்யலாம். ஃபுட்பாலை மட்டும் தனியாகப் பிரித்து, டிவிக்கு ஏற்றபடி எப்படி வேண்டுமானாலும் குழு போட்டுக்கொள்ளட்டும். மற்ற விளையாட்டுகளையெல்லாம் பழையபடி பக்கத்து ஊர்களோடு ஆட விடலாம். நோட்ரடாம் பல ஆண்டுகளாக ஃபுட்பாலில் தனியாகவும் மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் ஏ.சி.சி.யிலும் இருக்கிறதே, பிரிக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. அதோடு ஒவ்வோர் அணியும் ஒரே ஒரு பங்காளியின் பெயரை எழுதிக் கொடுத்து, எந்தக் கான்ஃபரன்ஸில் இருந்தாலும் அந்த ஆட்டத்தை நவம்பர் கடைசி வாரத்தில் ஆடியே ஆக வேண்டும் என்று ஒரு விதி வரட்டும். அது வந்தால் மற்றதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறேன். இந்தியாவிலிருந்து எதைப் பார்க்கலாம்?

மேற்குக் கடற்கரையின் சனிக்கிழமை இரவு ஆட்டங்கள். அங்கே இரவு 7:30க்குத் தொடங்கினால் அக்டோபர் வரைக்கும் இந்தியாவில் ஞாயிறு காலை 8 மணி, நவம்பரில் கடிகாரத்தை மாற்றிய பிறகு 9 மணி. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது நான் இட்லித் தட்டோடு உட்கார்ந்து அப்படித்தான் பார்த்தேன், இரண்டாம் பாதியில் அப்பாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். முதல் ஆட்டமாக ஆப்பிள் கப்பைப் பாருங்கள். செப்டம்பரில் வரும். சிவப்பு உடை எங்களுடையது, ஊதா அவர்களுடையது.